நேற்று உங்கள் ஐபி, இன்று யாருடையது?

மொபைலில் ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடிப் பாருங்கள். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களோ, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரிசையோ வரும். ஏரோபிளேன் மோடை ஆன் செய்து, பத்து விநாடி கழித்து ஆஃப் செய்துவிட்டு மறுபடி தேடுங்கள். பல நேரங்களில் வேறு எண் வரும். அப்போ முதலில் வந்த எண் எங்கே போச்சு? இந்நேரம் வேறு யாரோ ஒருவருடைய போன் அந்த எண்ணில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

‘போகட்டுமே, எனக்கென்ன நஷ்டம்’ என்று தோன்றும். ஆனால் 2007-ல் இந்தியாவில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் அப்படி விட்டுவிட மனசு வராது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், புனே போலீஸார் பெங்களூருக்கு வந்து ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரைக் கைது செய்தார்கள். ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தைப் பதிவேற்றினார் என்பது குற்றச்சாட்டு. போலீஸாரை அவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு ஐபி முகவரி. ‘அந்த நேரத்தில் இந்த முகவரி யாரிடம் இருந்தது?’ என்று கேட்டதற்கு, இணையச் சேவை நிறுவனம் அவருடைய பெயரைக் கொடுத்திருந்தது. அவர் 50 நாள் சிறையில் இருந்தார். பிறகுதான் நிறுவனம் கொடுத்த விவரமே தவறு என்று தெரிந்தது.

ஒரு எண் யாருடையது என்ற கேள்விக்குத் தப்பான பதில் வந்தால், அதன் விலை 50 நாள் சிறை. அந்தப் பதில் எப்படித் தப்பாகிறது என்று புரிய, இந்த எண்கள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன, எப்படித் திரும்பப் பெறப்படுகின்றன என்று பார்த்துவிடலாம்.

மேன்ஷன் ரூம் மாதிரி

சென்னையில் வேலை தேடி வந்தவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தெரிந்திருக்கும். ரூம் நம்பர் 12-ல் போன மாதம் ஒருவர் இருந்தார். இந்த மாதம் வேறொருவர். அடுத்த மாதம் இன்னொருவர். கதவில் எழுதியிருக்கும் எண் மாறாது, உள்ளே இருக்கும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ‘மார்ச் 14-ஆம் தேதி ராத்திரி 12-ஆம் நம்பர் ரூமில் யார் இருந்தார்?’ என்று கேட்டால், மேனேஜர் லெட்ஜரைப் புரட்டித்தான் சொல்ல முடியும்.

ஐபி முகவரியும் அப்படித்தான். உங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் ஒரு தொகுப்பு எண்கள் இருக்கின்றன. நீங்கள் இணைப்புக்கு வரும்போது காலியாக இருக்கும் ஒன்றைக் கொடுப்பார்கள். நீங்கள் போனதும் அதே எண்ணை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இப்படி மாறும் எண்ணுக்கு ‘டைனமிக் ஐபி’ என்று பெயர். மாறாமல் உங்களுக்கே ஒதுக்கப்பட்டால் அது ‘ஸ்டாட்டிக் ஐபி’. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ‘டிஹெச்சிபி’ என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. 1993-ல் வந்து, 1997-ல் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது. உங்கள் கருவிக்கும் நிறுவனத்தின் சர்வருக்கும் நடக்கும் பேச்சு நாலே வரிதான்:

“யாராச்சும் இருக்கீங்களா? எனக்கு ஒரு அட்ரஸ் வேணும்.”
“இந்த நம்பர் காலியா இருக்கு, எடுத்துக்கறீங்களா?”
“சரிங்க, அதையே குடுங்க.”
“குடுத்தாச்சு. இத்தனை மணி நேரத்துக்கு அது உங்களுது.”

கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குக் கிடைக்கிறது. குத்தகைக் காலம் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அமைப்பில், பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் முடிந்ததுமே உங்கள் ரவுட்டர் ‘நீட்டிச்சுக் குடுங்க’ என்று கேட்கும். பதில் வராவிட்டால் 21-ஆவது மணி நேரத்தில், அருகில் இருக்கும் எந்த சர்வரிடமாவது கேட்கும். அப்போதும் பதில் இல்லை என்றால், காலம் முடிந்ததும் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

‘அட, எங்க வீட்ல மாசக்கணக்கா ஒரே ஐபிதான் காட்டுதே?’ என்று சிலர் கேட்கலாம். ரவுட்டரை அணைக்காமல் வைத்திருந்தால், குத்தகை நீண்டுகொண்டே போகும். அதனால் ஒரே எண் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உங்களுடையது என்று நினைத்துவிட வேண்டாம். கரன்ட் போய், ரவுட்டர் நீண்ட நேரம் அணைந்திருந்து, திரும்ப வரும்போது வேறு எண் வரலாம்.

யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிராட்பேண்டில், ஒவ்வொரு முறை இணைப்பு அறுந்து திரும்பும்போதும் புது எண் வர வாய்ப்பு உண்டு. மொபைலில் இது இன்னும் வேகம். போன் நெட்வொர்க்கில் பதிவாகும்போது எண் கிடைக்கிறது, விலகும்போது போய்விடுகிறது. ஏரோபிளேன் மோடு வித்தையின் ரகசியம் இதுதான்.

இவ்வளவு சிக்கனம் ஏன்?

ஆளுக்கு ஒரு எண்ணை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்க எண் இல்லை.

இன்றும் பரவலாக உள்ள ஐபிவி4 முறையை 1981-ல் வரையறுத்தபோது, ஒரு முகவரிக்கு 32 பிட் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் மொத்தம் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு சில நூறு கணினிகள்தான் இந்த வலைப்பின்னலில் இருந்தன, அதனால் அது தீராத கையிருப்பாகத் தெரிந்தது. இன்று மனிதர்களே 800 கோடிக்கும் மேல். ஒவ்வொருவர் வீட்டிலும் போன், லேப்டாப், டிவி, சிசிடிவி கேமரா என்று வரிசை நீள்கிறது.

2011 பிப்ரவரி 3 அன்று, உலக அளவில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பு, கையில் இருந்த கடைசி ஐந்து பெரிய தொகுப்புகளை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தது. நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுப்பை உடைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ரேஷன்தான்.

ரேஷன் வந்தால் சந்தையும் வரும். 2011-ல் திவாலாகியிருந்த நார்ட்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு முகவரி 11.25 டாலர். 2024 பிப்ரவரி 1 முதல் அமேசானின் கிளவுட் சேவை, பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதம் சுமார் 3.6 டாலர். ஸ்டார்ட்அப்பில் வேலை பார்ப்பவர்கள் பில்லில் இந்த வரியைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரே கதவு எண், பல குடித்தனம்

எண்ணைச் சுழற்சியில் விட்டும் போதவில்லை. அதனால் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பலருக்குக் கொடுக்கும் வழியைப் பிடித்தார்கள்.

உங்கள் வீட்டிலேயே இது நடக்கிறது. ரவுட்டர், போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்களைக் கொடுக்கும். வெளியே போகும்போது எல்லாம் ஒரே பொது எண்ணில் போகும். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்பதை ரவுட்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். இதுதான் ‘நாட்’.

இதையே நிறுவனம் தன் அளவில் செய்தால், அதற்குப் பெயர் ‘கேரியர் கிரேடு நாட்’, சுருக்கமாக சிஜிநாட். ஒரு மேன்ஷன் முழுக்க ஒரே கதவு எண். யார் கடிதம் போட்டாலும் அனுப்புநர் முகவரி ஒன்றுதான். பதில் கடிதம் எந்த ரூமுக்கு என்று வாட்ச்மேன் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்.

அவர் பிரிப்பது ‘போர்ட்’ எண்ணை வைத்து. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள் உண்டு. முதல் 1,024 போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஆளுக்கு 1,000 போர்ட் என்று பிரித்தால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் 64 வாடிக்கையாளர்கள் இருக்கலாம். ஆளுக்கு 500 என்றால் 129 பேர்.

இந்த ஏற்பாட்டுக்காகவே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012-ல் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸில் ‘வேன் ஐபி’ இந்த வரம்புக்குள் இருந்தால், நீங்களும் பொதுக் கதவு எண்ணில்தான் குடியிருக்கிறீர்கள். வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை என்று தலையைச் சொறிபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

பழைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன கடன்

வாடகை வீட்டுக்குக் குடிபோன முதல் வாரமே, முன்பு இருந்தவரைத் தேடிக் கடன்காரர் வந்து நிற்பது புதிதல்ல. ஐபியிலும் அது நடக்கிறது.

உங்களுக்கு வந்த எண்ணில் நேற்று யாரோ ஸ்பேம் மெயில் அனுப்பியிருந்தால், இன்று நீங்கள் போகும் தளங்கள் உங்களிடம் ‘நீங்கள் ரோபோவா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டிராஃபிக் லைட் படத்தைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருப்பீர்கள். சில தளங்கள் கதவையே திறக்காது. ‘எண் ஒன்றைத் தடுத்தால் ஆள் ஒருவரைத் தடுத்ததாகும்’ என்று அந்தத் தளம் நினைக்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று ஒரு நாடே பார்த்தது. 2007 புத்தாண்டு நாளில், தொடர்ந்து விஷமம் செய்த ஒரு ஐபி முகவரியை விக்கிப்பீடியா நிர்வாகி ஒருவர் தடுத்தார். கத்தார் நாட்டின் இணையப் போக்குவரத்து அந்த ஒரே முகவரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணக்கில்லாமல் திருத்தம் செய்யும் வழி அந்த நாட்டுக்கே அடைபட்டது. விஷயம் தெரிந்ததும் தடையை நீக்கினார்கள்.

‘ஐபியை வைத்து வீட்டையே கண்டுபிடிச்சுடலாம்’ என்று நம்புபவர்களுக்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. ஐபி முகவரிக்கு இருப்பிடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனம், ‘அமெரிக்காவில்தான் இருக்கிறது, எங்கே என்று தெரியாது’ என்ற முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் காட்டியது. அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள் அந்த வீட்டைச் சுட்டின. ஏமாற்றப்பட்டவர்களும் அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் அந்த வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2016-ல் விஷயம் செய்தியான பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை ஒரு நீர்த்தேக்கத்துக்கு மாற்றியது.

லெட்ஜரில் நேரம் சரியாக இருக்கிறதா?

இப்போது பெங்களூர் சம்பவத்துக்குத் திரும்புவோம். ஒரு எண் பலருடைய கைக்குப் போகிறது என்றால், ‘யார்’ என்ற கேள்விக்கு எண் மட்டும் போதாது. ‘எப்போது’ என்பதும் வேண்டும். சிஜிநாட் இருந்தால் ‘எந்த போர்ட்’ என்பதும் வேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும், பதிலில் வேறொருவர் பெயர் வரும்.

நேரம் எவ்வளவு எளிதாகப் பிசகும் என்று பாருங்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் பதிவில் ‘மார்ச் 14, 18:45’ என்று இருக்கிறது. அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், நமக்கு அது மார்ச் 15 நள்ளிரவு 12:15. இதைக் கவனிக்காமல் மார்ச் 14 மாலை 6:45-க்கு அந்த எண்ணை வைத்திருந்தவர் யார் என்று கேட்டால், நிறுவனம் சரியான பதிலைத்தான் கொடுக்கும். கேள்விதான் தப்பு. அந்த ஐந்தரை மணி நேரத்தில் மொபைல் இணைப்பின் எண் எத்தனை கை மாறியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போர்ட் விஷயமும் அப்படியே. இணையத் தளங்களை நடத்துவோர் ஐபியோடு போர்ட் எண்ணையும், விநாடி சுத்தமான நேரத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று 2011 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 6302 பரிந்துரைக்கிறது. ஆனால் பிரபலமான வெப் சர்வர் மென்பொருள்களின் வழக்கமான பதிவில் வாடிக்கையாளரின் போர்ட் எண் இருக்காது. நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. அது இல்லாமல் ஐபியை மட்டும் கொடுத்தால், நிறுவனத்தால் 64 பேரின் பட்டியலைத்தான் தர முடியும்.

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை, இணைய இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனையை மாற்றியது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, சர்வர்களின் கடிகாரத்தை அரசின் நேர சர்வர்களோடு இணைத்து ஒழுங்காக வைக்கச் சொன்னது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், விபிஎன், கிளவுட் போன்ற சேவை தருவோர் வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய ஐபி விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கவும் சொன்னது. எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறை. அந்தப் பதிவைக் கொண்டு ஒருவர் கதவைத் தட்டுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதிலும் அதே அக்கறை வேண்டும்.

போலீஸ் தரப்பிலும் நியாயம் உண்டு

ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்தவருக்கும், குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை விசாரிக்கும் அதிகாரிக்கும், பல நேரங்களில் ஐபி முகவரிதான் கையில் கிடைக்கும் முதல் நூல். அதைப் பிடித்துப் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது. சிஜிநாட் பின்னால் குற்றவாளிகள் மறைந்துகொள்கிறார்கள் என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-லேயே புலம்பியது. அந்தப் புலம்பல் நியாயமானது.

நம் வாதம் ஒன்றுதான். அந்த நூலின் மறுமுனையில் இருப்பது ஒரு இணைப்பு. அந்த இணைப்பை யார் பயன்படுத்தினார் என்பது தனிக் கேள்வி. அதே வைஃபையில் வீட்டில் நான்கு பேர், பேயிங் கெஸ்ட் ஹாஸ்டலில் நாற்பது பேர், காபி ஷாப்பில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு சினிமாவைத் திருட்டுத்தனமாக இறக்கிய வழக்கில் இதைத்தான் சொன்னது. இணைப்பு ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து அவரே செய்தார் என்று வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்த இணைப்பைப் பலர் பயன்படுத்தும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். லெட்ஜர் எவ்வளவு துல்லியமோ, அவ்வளவுக்கு அது நம் அந்தரங்கத்தின் பதிவும் ஆகிறது. 2016 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம், டைனமிக் ஐபியும் சில சூழல்களில் தனிநபர் தரவாகும் என்று சொன்னது. ‘எண் மாறிக்கொண்டே இருக்கு, என்னை யார் கண்டுபிடிப்பாங்க’ என்ற நிம்மதியும் முழுசாகச் சரியில்லை, ‘ஐபி கிடைச்சா ஆள் கிடைச்சாச்சு’ என்ற நம்பிக்கையும் சரியில்லை.

ஐபிவி6 வந்தால் தீருமா?

பாதி தீரும். ஐபிவி6-ல் முகவரிக்கு 128 பிட். பகிர வேண்டிய கட்டாயமே இல்லை. இதில் இந்தியா பின்தங்கவும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ தன் 4ஜி சேவையில் ஐபிவி6-ஐ அகலமாகப் பயன்படுத்தத் தொடங்கியதும், உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றானோம். ஆனால் உங்கள் வங்கியின் தளமோ, ஒரு பழைய ஆப்போ ஐபிவி4-ல் மட்டும் இயங்கினால், அங்கே போக உங்கள் போன் மறுபடியும் பொதுக் கதவு எண் வழியாகத்தான் போயாக வேண்டும். தவிர, அந்தரங்கத்துக்காக போன்களும் கணினிகளும் ஐபிவி6 முகவரியின் பின்பாதியைத் தாமாகவே அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. அப்போதும் எண் ஆளாகிவிடாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

தளங்களையும் ஆப்களையும் நடத்துவோர் ஐபியோடு போர்ட், விநாடி வரை நேரம், எந்த நேர மண்டலம் என்ற மூன்றையும் பதிய வேண்டும். உங்கள் டீமில் பேக்எண்ட் வேலை பார்ப்பவர் நீங்கள் என்றால், கான்ஃபிகரேஷனில் ஒரு சின்ன மாற்றம்தான், இந்த வாரமே செய்துவிடலாம். இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு பெயரை போலீஸுக்குக் கொடுக்கும் முன் இரண்டாவது ஆள் ஒருவரை வைத்து நேரத்தையும் போர்ட்டையும் சரிபார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர் பொருந்தினால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரிகள், ஐபியைத் தவிர இன்னொரு ஆதாரமாவது கையில் இல்லாமல் கைது வரை போகக் கூடாது. இதைக் காவல் துறை தன் நடைமுறை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

நம் பக்கம் செய்யக்கூடியதும் உண்டு. வைஃபை பாஸ்வேர்டைத் தெரு முழுக்கக் கொடுக்காதீர்கள். இணைப்பை ரத்து செய்தால் ரத்தான தேதி உள்ள கடிதத்தையோ மெயிலையோ வைத்திருங்கள். டைனமிக் டிஎன்எஸ் போட்டு வீட்டு கேமராவைப் பார்ப்பவர்கள், இணைப்பை மாற்றும்போது பழைய பதிவை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெயர் இன்னொருவர் வீட்டு ரவுட்டரைச் சுட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தளமாவது காரணமில்லாமல் தடுத்தால், ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்துவிட்டுப் போடுங்கள். எண் மாறினால் கதவு திறக்கலாம்.

திறந்தால் சந்தோஷம்தான். ஆனால் நீங்கள் விட்டுவிட்டு வந்த அந்த எண், அடுத்த சில நிமிடங்களில் வேறு யாருக்கோ போகும், நேற்றைய கணக்கோடு. அவருக்கு டிராஃபிக் லைட் படம் மட்டும் வந்தால் பரவாயில்லை. போலீஸ் வராமல் பார்த்துக்கொள்வது லெட்ஜர் எழுதுபவர்கள் கையிலும், அதைப் படிப்பவர்கள் கையிலும் இருக்கிறது.